சுவர்க் கட்டில் மக்கர் செய்கிறதா? கடலோர வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் பத்துக்குப் பத்து அறை ஒன்றே கூடமாகவும் படுக்கையறையாகவும் இருக்கும் வீடுகள் நிறைய. ஆடி அமாவாசைக்கோ ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கோ உறவுக்காரர்கள் வந்துவிட்டால் கால் நீட்ட இடம் போதாது. பகலில் சுவரோடு நின்று, ராத்திரி கீழே இறங்கும் மடக்குக் கட்டில் இப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதுரையில் ஒழுங்காக ஏறி இறங்கும் அதே கட்டில், உப்புக் காற்றும் ஹாலோ பிளாக் சுவரும் உள்ள இந்தப் பக்கம் சீக்கிரமே தகராறு செய்யும்.

தகராறு வந்ததும் பெரும்பாலோர் முதலில் மாற்றுவது ஹைட்ராலிக்கை, அதாவது கேஸ் ஸ்பிரிங்கை. அது கடைசியாகப் பார்க்க வேண்டிய பொருள். முதலில் சுவர், அடுத்து கால்கள், அதற்கடுத்து எடை, அதன் பிறகுதான் ஹைட்ராலிக். கீழே உள்ள எந்தக் குறைக்கும் இந்த வரிசையிலேயே போங்கள். வீண் செலவு மிச்சமாகும்.

கை வைப்பதற்கு முன்

மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலைக் கீழே இறக்கிக் கையை விடாதீர்கள். எதிர்எடை இல்லாத கட்டிலை ஹைட்ராலிக் விசையோடு மேலே தள்ளும். முகத்திலோ தாடையிலோ அடிபடுவது இப்படித்தான்.

ஹைட்ராலிக்கைக் கழற்றுவதாக இருந்தால் கட்டில் மேலே நிமிர்ந்து நிற்கும்போதுதான் கழற்ற வேண்டும். அப்போதுதான் தண்டு முழுதாக நீண்டு, அழுத்தம் குறைவாக இருக்கும். கழற்றியதும் கட்டிலைத் தாங்க எதுவும் இருக்காது என்பதால், கழற்றுமுன் கட்டிலை, அது மடங்கி நிற்கும் பெட்டியான கூட்டோடு சேர்த்து நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். இறக்கும்போது மூன்று பேர் வேண்டும். பிள்ளைகளை அறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

"இறக்கும்போது கூடு சுவரை விட்டு முன்னால் வருகிறது"

எல்லாக் குறைகளிலும் ஆபத்தானது இதுதான். கட்டிலை உபயோகிப்பதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

சந்தேகம்தான், உறுதியில்லை என்றால் இப்படிச் சோதிக்கலாம். கூட்டின் இரண்டு பக்கத்திலும், மேல் மூலைக்கு அருகே, பக்கப் பலகையிலிருந்து சுவர் வரை கூர்மையான பென்சிலால் நேராக ஒரு கோடு இழுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை இஞ்ச் டேப்பால் அளந்து கோட்டின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஏற்றி இறக்கிவிட்டுப் பாருங்கள். கோடு ஒன்றுக்கொன்று விலகியிருந்தாலோ, இடைவெளி 2 மி.மீ. கூடியிருந்தாலோ ஆங்கர், அதாவது கூட்டைச் சுவரோடு பிடித்திருக்கும் போல்ட், உருவிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஆங்கரைச் சுற்றிய பூச்சில் மாவு போல் தூள் உதிர்ந்திருப்பதும் அதே அடையாளம்.

எவ்வளவு இழுப்பு வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். மெத்தையோடு 60 கிலோ வரும், நீள வாக்கில் மடங்கும் கட்டில், 50 கிலோ கூடு, கூட்டின் ஆழம் 40 செ.மீ., ஆங்கர் 2 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் படுத்த நிலையில், கால் ஊன்றுவதற்கு முன் மேல் ஆங்கர்களில் சுமார் 20 கிலோ இழுப்புத்தான். ஆனால் கால் மடங்கியிருக்கும்போதே 70 கிலோ ஆள் ஒருவர் நுனியில் உட்கார்ந்தால் அது 80 கிலோவைத் தாண்டும். தொப்பென்று உட்கார்ந்தால் இன்னும் கூடும். ஹாலோ பிளாக்கின் முகச் சுவர் ஓர் அங்குலத்தை ஒட்டிய கனம்தான், அதற்குப் பின்னால் வெறும் பொந்து. அதில் பிளாஸ்டிக் பிளக் அடித்து மர ஸ்குரூ முடுக்கினால் எத்தனை நாளைக்கு நிற்கும்?

சரி செய்யும் வழி சுவரைப் பொறுத்தது. சுத்தியலின் கட்டையால் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று உள்வாங்கினால் பொந்து, 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் செங்கல் அல்லது காங்கிரீட்.

ஹாலோ பிளாக் வீட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போடும் காங்கிரீட் பட்டை. தரையிலிருந்து 7 அடி உயரத்தில் சுவர் நெடுக லிண்டல் பட்டை ஓடும் வீடாக இருந்தால், மேல் ஆங்கர்களை அந்தக் காங்கிரீட்டில் போடுங்கள். கூடு 7 அடிக்குக் குறைவாக இருந்தால், லிண்டலிலிருந்து 5 மி.மீ. இரும்புப் பட்டையை இறக்கிக் கூட்டின் மேல் சட்டத்தோடு சேர்க்கலாம். 10 மி.மீ. கம்பி கனமுள்ள ஆங்கர் 4 போதும். ஒவ்வொன்றும் காங்கிரீட்டுக்குள் 70 மி.மீ. இறங்க வேண்டும், மேல் பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. லிண்டலின் உயரம் பெரும்பாலும் 15 செ.மீ.தான் இருக்கும். ஓரத்தில் துளை போட்டால் காங்கிரீட் விண்டுவிடும், நடுவில் போடுங்கள். டிரில் பாதியில் நின்று உலோகச் சத்தம் கேட்டால் உள்ளே கம்பி. அதை அறுக்காமல் 4 செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

லிண்டல் பட்டை ஜன்னலோடு முடிந்துவிட்ட வீடு என்றால், ஆங்கர் வரும் இடத்தில் கொத்தனாரை வைத்துப் பிளாக்கின் முகத்தை உடைத்து, பொந்தில் 1:2:4 காங்கிரீட் நிரப்பி, 7 நாள் நனைத்துவிட்டுப் பிறகு துளை போடுங்கள். கெமிக்கல் ஆங்கர் போடுவதானால் ஹாலோ பிளாக்குக்கு உரிய சல்லடைக் குழாயோடு போட வேண்டும். குழாய் இல்லாவிட்டால் பசை முழுவதும் பொந்துக்குள் வழிந்துவிடும். துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதித் தூசி எடுத்த பிறகே பசை.

முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் வேறு கதை. விரிந்து பிடிக்கும் ஆங்கர் அந்தக் கல்லைப் பொடியாக்கும். கல்லுக்குள்ளேயே உப்பும் உண்டு. அந்தச் சுவரை நம்பாதீர்கள். தரையிலிருந்து மேல்தளத்தின் உத்தரம் வரை 50-க்கு 50, 3 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் பைப் இரண்டை நிறுத்தி, கூட்டை அவற்றோடு போல்ட் போடுங்கள். சுவர் வெறும் பின்னணியாக இருக்கட்டும். மேல்தளத்தில் காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிற இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்.

இன்னும் கட்டில் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவர் பலம் குறைவு என்றால் பக்கவாட்டில் மடங்கும் 6-க்கு 3 அடி ஒற்றைக் கட்டிலை எடுங்கள். நீள வாக்குக் கட்டிலைவிட இதில் இழுப்பு குறைவு. கூட்டின் உயரமும் மூன்றரை, நாலு அடியோடு முடியும், அதன்மேல் சாமான் வைக்கலாம். தகரக் கூரை வீட்டுக்கும் இதுதான் பொருத்தம்.

"கையை விட்டால் தொப்பென்று விழுகிறது"

மீன் கடையில் தொங்கவிடும் டிஜிட்டல் தராசு ஒன்றைக் கடன் வாங்குங்கள். மெத்தை, தலையணை எல்லாம் வழக்கம்போல இருக்க, கட்டிலை இறக்கி, நுனிச் சட்டத்தின் நடுவில் கயிறு கட்டி, தராசின் கொக்கியை மாட்டி நேர் மேலே மெதுவாகத் தூக்குங்கள். நுனி தரையை விட்டு எழும் நேரத்தில் தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 4 முதல் 7 கிலோ என்றால் சரியான சமநிலை. 12 கிலோவுக்கு மேல் போனால் ஒன்று கட்டில் கனத்துவிட்டது, இல்லையென்றால் ஹைட்ராலிக் இளைத்துவிட்டது.

கனம் கூடியதா என்று முதலில் பாருங்கள். கடைக்காரர் கொடுத்த ஃபோம் மெத்தையை எடுத்துவிட்டுத் தேங்காய் நார் மெத்தையோ இலவம் பஞ்சு மெத்தையோ போட்டீர்களா? முகப்பில் கண்ணாடியோ கூடுதல் பிளைவுட்டோ அடித்தீர்களா? 8-க்கு 4 அடி, 19 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் 40 கிலோவை ஒட்டி வரும். அதில் பாதியை முகப்பில் சேர்த்தால் கட்டிலின் கணக்கே மாறிவிடும்.

கனம் மாறவில்லை என்றால் ஹைட்ராலிக். அதன் தண்டை விரல் நகத்தால் மேலிருந்து கீழாக வருடுங்கள். கண்ணாடி போல் வழுக்க வேண்டும். நகம் ஓரிடத்தில் மணல் துகள் ஒட்டியதுபோல் தட்டினால், குரோம் பூச்சு பொத்து உள்ளே துரு கிளம்பிவிட்டது. அந்தச் சிறு புள்ளி ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலைக் கீறும், காற்றழுத்தம் கசியும். உருளையின் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ, கிரீஸ் தடவுவதோ இதற்கு மருந்தாகாது. கிரீஸில் மணல் ஒட்டி நிலைமை இன்னும் மோசமாகும்.

'மார்கழிக் குளிரில்தான் இப்படி' என்று சிலர் சொல்வதுண்டு. வாயு குளிர்ந்தால் விசை குறையும் என்பது உண்மை. ஆனால் 10 டிகிரிக்கு மூன்றரை சதவீதம்தான் குறையும். நம் கடற்கரையில் அடிக்கும் குளிருக்கு அது கையில்கூடத் தெரியாது. வேறு காரணத்தைத் தேடுங்கள்.

புதியது வாங்கும் அளவை இப்படிக் கணக்கிடலாம். ஹைட்ராலிக் இரண்டையும் கழற்றிவிட்டு, கட்டில் படுத்த நிலையில் நுனியைத் தராசால் தூக்குங்கள். 27 கிலோ காட்டுகிறது என்று வையுங்கள். கட்டில் சுழலும் அச்சான பிவட் போல்ட்டிலிருந்து நுனிக் கயிறு வரை 1.95 மீட்டர். நுனியில் 5 கிலோ கனம் மிச்சம் இருக்க வேண்டும், அப்போதுதான் கட்டில் தானாக எழும்பாது. எனவே 27-இல் 5 போக 22, அதை 1.95-ஆலும் 9.8-ஆலும் பெருக்கினால் 420. அடுத்து, கட்டில் படுத்த நிலையில் ஹைட்ராலிக் எந்தக் கோட்டில் நிற்குமோ அந்தக் கோட்டுக்கும் பிவட்டுக்கும் உள்ள நேர்செங்குத்துத் தூரத்தை மூலைமட்டம் வைத்து அளங்கள். 20 செ.மீ. என்றால், 420-ஐ 0.20-ஆல் வகுத்து, இரண்டு பக்கத்துக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 1050 நியூட்டன். இதை அப்படியே கடையில் சொல்லிவிடாதீர்கள். உருளையில் அச்சடித்திருப்பது தண்டு நீண்ட நிலையின் விசை. அமுங்கிய நிலையில் அது 1.2 முதல் 1.4 மடங்கு வரை கூடும். 1050-ஐ 1.3-ஆல் வகுத்தால் 808. ஆகவே 800 நியூட்டன் ஜோடி.

மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கட்டில் மேலே நிற்கும்போது மெல்லிய தண்டு கீழ்நோக்கியும் தடித்த உருளை மேலேயும் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கொஞ்ச எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருப்பது அப்போதுதான். தலைகீழாகப் பூட்டிய ஹைட்ராலிக் நம் காற்றில் சீக்கிரம் வறண்டுபோகும். விருந்தாளி வரும்போது மட்டும் இறக்கும் கட்டிலானாலும் மாதம் இரண்டு முறை சும்மாவேனும் ஏற்றி இறக்குங்கள், சீல் ஒட்டிக்கொள்ளாது.

"இறங்க மாட்டேன் என்கிறது, இறக்கினாலும் எழும்புகிறது"

மேலே சொன்ன தராசுச் சோதனையில் 2 கிலோவுக்குக் கீழே காட்டினால் ஹைட்ராலிக் தேவைக்கு மேல் பலமாக இருக்கிறது. கனமான மெத்தையிலிருந்து மெல்லிய ஃபோமுக்கு மாறியவர்களுக்கு இது வரும். நுனியில் எடை கட்டி ஒப்பேற்றாதீர்கள். ஒரு படி குறைந்த ஹைட்ராலிக் போடுங்கள், அல்லது பூட்டும் இடத்தில் வேறு துளை இருந்தால் பிவட்டுக்கு அருகே உள்ளதற்கு மாற்றுங்கள். படுத்திருப்பவர் எழுந்ததும் நுனி அரை அங்குலம் தூக்கிக்கொள்ளும் கட்டிலில் பிள்ளைகளைப் படுக்க வைக்கவே கூடாது.

"ஒரு பக்கம் முந்துகிறது, சாய்ந்து இறங்குகிறது"

மூன்றில் ஒன்று. ஒரு பக்க ஹைட்ராலிக் மட்டும் கசிந்திருக்கும், மேலே சொன்ன நகச் சோதனை போதும். அது இல்லையென்றால் சட்டம் மூலைவிட்டம் தப்பியிருக்கும். கட்டிலின் எதிரெதிர் மூலைகளை இரண்டு வாக்கிலும் அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதுவும் சரி என்றால் கூடே ரசமட்டத்தில் இல்லை. கழுவி விடும் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை வாசல் பக்கம் சரிவாகப் போட்டிருப்பார்கள். அதன் மேல் அப்படியே நிறுத்திய கூடு சாய்ந்துதான் நிற்கும். தாழ்ந்த பக்கத்தில் கிரானைட் துண்டோ தடித்த பிளாஸ்டிக் தகடோ கொடுத்து, ரசமட்டம் பார்த்து, பிவட் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முடுக்குங்கள். மரச் சீவல் அடை கொடுக்க வேண்டாம், ஓதத்தில் ஊதி நசுங்கிவிடும்.

"புரண்டு படுத்தால் கிரீச் கிரீச்"

எண்ணெய் போடுவதற்கு முன் கால்களைப் பாருங்கள். ஒருவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, பழைய காலண்டர் அட்டைத் துண்டை ஒவ்வொரு காலுக்கடியிலும் நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போய் வந்தால் அந்தக் கால் தரையில் ஊன்றவில்லை, படுத்தவர் எடை முழுவதும் பிவட் போல்ட்டில் விழுகிறது. 3 மி.மீ. குறைந்தாலே போதும், சத்தம் வரும். நாளாவட்டத்தில் போல்ட் துளை முட்டை வடிவமாகிவிடும். காலின் அடியில் உள்ள திருகைச் சுற்றி உயரத்தைக் கூட்டுங்கள்.

கால் சரி என்றால் பிவட்டில் நைலான் வாஷர் இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்று பார்த்து மாற்றுங்கள். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் எண்ணெய் ஒரு வாரம்தான் தாங்கும். நட்டுகள், உள்ளே நைலான் வளையம் வைத்த, எளிதில் தளராத நைலாக் வகையாக இருக்கட்டும்.

"முகப்புப் பலகை வளைந்துவிட்டது, அடி ஊதிவிட்டது"

இரண்டும் வெவ்வேறு நோய். முகப்பு வில்லாக வளைவதற்குக் காரணம் மைக்காவை வெளிப்பக்கம் மட்டும் ஒட்டியது. ஒட்டாத பக்கம் வாடைக்கால ஈரத்தைக் குடித்து விரிய, மைக்கா ஒட்டிய பக்கம் அசையாமல் நிற்க, பலகை வளைகிறது. 5 மி.மீ. வரை வளைந்திருந்தால், உள்பக்கமும் அதே கனத்தில் மைக்கா ஒட்டி, நெடுக்கில் 40 மி.மீ. அலுமினியச் சட்டம் இரண்டு பொருத்தினால் கட்டுப்படும். அதற்கு மேல் போனதைப் பலகையோடு மாற்றத்தான் வேண்டும்.

அடி ஊதினால் அது பார்ட்டிகல் போர்டு, இல்லையென்றால் வெட்டு விளிம்பு மூடப்படாத பிளைவுட். ஊதிய பார்ட்டிகல் போர்டில் ஸ்குரூ பிடிக்காது, அதைத் திரும்பத் திரும்ப முடுக்கிப் பயனில்லை. புதிதாகச் செய்யும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேளுங்கள். ஐ.எஸ். 303 முத்திரையில் வரும் எம்.ஆர். ரகம் இந்த ஊர் ஈரத்துக்கு ஆகாது. எந்தப் பலகையானாலும் ஆசாரி அறுத்த விளிம்பையும் போட்ட துளையின் உட்பக்கத்தையும் அன்றைக்கே பிரைமர் தடவி மூடச் சொல்லுங்கள். சுவருக்கும் கூட்டின் முதுகுக்கும் நடுவே 2 செ.மீ. காற்றோட்டம், தரையிலிருந்து 8 செ.மீ. உயரம். உவர் பூத்துப் பூச்சு உதிரும் சுவர் என்றால், அதைச் சரி செய்யாமல் எந்தக் கட்டிலையும் அங்கே நிறுத்த வேண்டாம்.

"எல்லா ஸ்குரூவும் துருப்பிடித்துவிட்டது"

பளபளவென்று மின்னும் சாதாரண ஜிங்க் ஸ்குரூவின் பூச்சு மிக மெல்லியது. எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்பதிலும் 202, 304, 316 என்று ரகங்கள் உண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்பது தவறான நம்பிக்கை, 202-லும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். வீட்டுக்குள் 304 போதும். கடற்காற்று நேராக அடிக்கும் ஜன்னல் பக்கத்துக் கூட்டுக்கு 316 தான் தாங்கும்.

துரு வந்த ஸ்குரூவை ஒன்று விட்டு ஒன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சட்டம் நகர்ந்துவிடும். மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைப்பது உப்பை எடுத்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உவர்க் கிணற்று நீரால் துடைத்தால் உப்பை நாமே பூசுகிறோம். காவிரித் தண்ணீர் ஒரு செம்பு போதும், துடைத்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

"மெத்தை கீழே சரிகிறது, நாற்றம் அடிக்கிறது"

இலவம் பஞ்சு மெத்தை நிமிர்ந்து நிற்கப் பிறந்ததல்ல, பஞ்சு முழுவதும் ஒரு பக்கம் இறங்கி மூட்டையாகிவிடும். 4 முதல் 6 அங்குல ஃபோம் போடுங்கள். 5 செ.மீ. அகல எலாஸ்டிக் பட்டை இரண்டு, ஒன்று நெஞ்சுக்கு நேராக, இன்னொன்று முழங்காலுக்கு நேராக.

நாற்றத்துக்குக் காரணம் வியர்வை காயுமுன் மடக்குவது. எழுந்ததும் அரை மணி நேரமாவது மின்விசிறியை ஓடவிட்டு, பிறகு ஏற்றுங்கள். மெத்தைக்கு அடியில் துளையில்லாத பிளைவுட் இருந்தால் 25 மி.மீ. துளைகளை 15 செ.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்த இடத்தை வெயிலில் வைத்து பிரஷ் போட்டும் போகவில்லை என்றால் அது உள்ளே இறங்கிவிட்டது, மெத்தையை மாற்றுங்கள்.

"நுனி மின்விசிறியில் இடிக்கிறது"

பிவட்டின் உயரத்தோடு கட்டிலின் முழு நீளத்தையும் மெத்தை கனத்தையும் கூட்டுங்கள். விசிறி இறக்கை அதற்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் விசிறியைச் சுவர் விசிறியாக மாற்றுவதே நல்லது.

கழற்றிய பழைய ஹைட்ராலிக்கைப் பழைய இரும்புக் கடைக்குச் சும்மா போடாதீர்கள். உள்ளே அழுத்த வாயு இன்னும் மிச்சம் இருக்கும். அறுக்கவோ, துளைக்கவோ, தீயில் போடவோ கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லி, உருளை மேல் சாக்பீஸால் 'கேஸ்' என்று எழுதிக் கொடுங்கள்.